அக்காள் கைபட்ட உள்ளி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு கடிதம் போடுவதென்றாலும் அடுத்தவர் கையால் எழுதி வாங்கியே பழக்கம். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேசியவளும் இல்லை. எழுத்துப் பிழை இருக்கும், முன்னுக்குப் பின் மாறியும் வரும். வருஷங்கள் எனக்கு நினைவில் நிற்பதில்லை. மாதங்கள் நிற்கும். அக்காள் எல்லா வேலையையும் மாதத்தை வைத்தே செய்வார், கூட இருந்து எனக்கும் அப்படியே ஆகிவிட்டது.

முதலாண்டுத் திதிக்கு மலர் அச்சடிக்க வேண்டும் என்று சொன்னது அண்ணன் மகன். "சின்னத்தை, பெரியத்தையைப் பத்தி உங்களை விட்டா வேற யாருக்குத் தெரியும்? நீங்கதான் எழுதணும்" என்றான். எனக்கு எழுத வராதே என்றேன். "பேசுகது போல எழுதுங்க, போதும்" என்றான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, "கஷ்டப்பட்டதை எல்லாம் எழுதுங்க. சண்டை சச்சரவை மட்டும் விட்டிருங்க" என்றும் சொன்னான். எழுதுகிறேன். எதை விடுவது என்பதை எழுதி முடித்த பிறகு அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

அக்காள் பிறந்தது தோவாளைப் பக்கம், அம்மை பிறந்த வீட்டில். அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் சர்க்கார் கச்சேரியில் குமஸ்தா வேலை கிடைத்ததும் எல்லோரும் கரமனைக்கு வந்தார்கள். அண்ணன் மூத்தவர். அடுத்தவர் அக்காள். அவருக்கு எட்டு வயது இளையவள் நான். நான் பிறந்த மறு வருஷமே அம்மை போய்விட்டார். ஒன்பது வயதில் அடுப்புப் பற்றவைத்த அக்காள்தான் எனக்கு அம்மையும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசியில் பெய்கிற துலா மாத மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும், புறவாசல் தோட்டத்தில் முதல் பாத்தி உள்ளியை, அடுக்களைப் பொறுப்பில் இருக்கிற பெண் நட வேண்டும். உள்ளி என்று நாங்கள் சொல்வது சின்ன வெங்காயத்தை. அந்தப் பாத்தி நன்றாக விளைந்தால் அந்த வருஷம் வீட்டில் குறை இருக்காது. அழுகிப் போனால் நட்டவள் கையில் குற்றம். இந்த ஊர்ச் செம்மண்ணுக்கும் மழைக்கும் உள்ளி வராது, மலைக்கு அந்தப் பக்கம் பாண்டி நாட்டிலிருந்து வண்டியில் வந்தால்தான் உண்டு என்று அக்கம்பக்கத்து மலையாளத்து வீடுகளில் சொல்வார்கள். அம்மை கைக்கு வந்தது. அக்காள் கைக்கும் வந்தது.

அக்காள் நடும் விதத்தை இங்கே எழுதிவிடுகிறேன், நடுகிறவர்களுக்கு உதவும். செம்மண்ணில் ஆற்று மணலும் பழைய சாணிப்பொடியும் அடுப்புச் சாம்பலும் கலந்து, பாத்தியை ஒரு சாண் உயரம் ஏற்றிப் போடுவார். தண்ணீர் நின்றால் உள்ளிக்கு ஆகாது. விதை உள்ளியைப் பல்பல்லாகப் பிரித்து, வேர்ப்பக்கம் கீழே இருக்கும்படி, தலை மண்ணுக்கு வெளியே தெரியும்படி ஊன்றுவார். அழுத்த மாட்டார். "தொட்டிலிலே பிள்ளையைக் கிடத்துகது போல வைக்கணும்" என்பார். மாசியில் தாள் தானாகச் சாயும். சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் கழித்துப் பிடுங்கித் தாளோடு நிழலில் காயவைத்து, கொத்துக் கொத்தாகப் பின்னி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவார். அடுத்த கார்த்திகைக்கு அதுதான் விதை.

பதினான்கு வயதில் அக்காளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அத்தானுக்குப் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரி வேலை. வித்துரா வரைக்கும் மாட்டு வண்டி, அதற்கு மேலே நடை. மழை, அட்டை, பனிமூட்டம். அங்கேயும் ஒரு தகர டப்பாவில் உள்ளி நட்டுப் பார்த்தாராம். தாள் மட்டும் நீண்டு நீண்டு வந்ததே தவிர, கிழங்கு கூடவில்லையாம். ஐந்தாம் வருஷம் மலைக் காய்ச்சலில் அத்தான் போய்விட்டார். பத்தொன்பது வயதில் அக்காள் ஒரு டிரங்குப் பெட்டியோடு கரமனை வீட்டுக்குத் திரும்பி வந்தார். அப்போது அப்பாவும் இல்லை. வீடு அண்ணனுடையது. அண்ணனைக் கட்டி மதினி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மதினியும் இரண்டு கார்த்திகை நட்டிருந்தார். அழுகவில்லை. ஆனால் கோலிக்குண்டு போலத்தான் விளைந்தது. அதனால்தானோ என்னவோ, ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது அண்ணன் யோசிக்காமல் சொல்லிவிட்டார்:

"இந்த வருஷம் தங்கச்சி நடட்டும். அவ கை, அம்மை கை."

தீயல் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த மதினியின் கை நின்றுவிட்டது. "தாலி இல்லாதவ கையிலேயா முதல் விதை?"

"நடப்போறது தாலியையா? உள்ளியைத்தானே" என்று அண்ணன் சிரித்தார். அவருக்கு அது வேடிக்கை. அக்காள் தலையைக் குனிந்துகொண்டார். மதினி சிரிக்கவில்லை. நான் பார்த்தேன்.

இனி எழுதப்போவதைத்தான் அண்ணன் மகன் சண்டை சச்சரவு என்று சொன்னான் என நினைக்கிறேன். அவனுக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவருக்குத்தான் இப்போது திதி.

நடுவதற்கு இரண்டு நாள் முன்னால், காலையில், குளிக்க வெந்நீர் வைக்கும் அடுப்புக்குச் சிரட்டை எடுத்துக்கொண்டு போனேன். எனக்குப் பதினொரு வயது. அடுப்பின் மேல் செப்புச் சருவத்தில் தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மதினி விதை உள்ளிக் கொத்தைத் தாளைப் பிடித்துச் சருவத்துக்குள் முக்கி வைத்திருந்தார். தேயிலை ஊறவைப்பதுபோல அசையாமல் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் எடுக்கவில்லை.

"என்ன மதினி செய்யுதீங்க?"

"விதைக்குப் பூச்சி அடிக்காம இருக்கதுக்குட்டீ. எங்க ஊரு மருந்து. யார்கிட்டயும் சொல்லிராதே. சொன்னா மருந்து பலிக்காது, கேட்டியா?"

பிறகு இடுப்புச் சாவியால், சாமான் வைக்கிற கலவறையைத் திறந்து ஒரு துண்டுக் கருப்பட்டி எடுத்து என் கையில் வைத்தார். எங்கள் வீட்டில் கருப்பட்டி பிள்ளைகளுக்குச் சும்மா கிடைக்கிற சாமான் இல்லை. நான் வாங்கினேன். ஒரே நாளில் தின்றுவிடாமல் ஒளித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தில் அடக்கி இரண்டு நாள் தின்றேன். மதினி அந்தக் கொத்துகளைத் துடைத்து, பழையபடி புகையில் தொங்கவிட்டார். சருவத்தில் மிச்சமிருந்த தண்ணீரை வாழை மூட்டில் ஊற்றினார்.

நடுகிற அன்று அக்காள் குளித்து, ஈரத்தலையோடு பாத்தி முன்னால் உட்கார்ந்தார். மலையிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பார்த்தேன். விதையைப் பிரித்தவர் கையை நிறுத்தினார்.

"என்னட்டீ இது, தொளதொளன்னு இருக்கு? யாராவது எடுத்தாங்களா, நீ பாத்தியா?"

என் கன்னத்தில் கருப்பட்டி. மருந்து பலிக்காமல் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். வாயைத் திறந்தால் கருப்பட்டி தெரிந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். இல்லை என்று தலையை ஆட்டினேன். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று அண்ணன் அவசரப்படுத்தினார். அக்காள் நட்டார்.

பத்தாம் நாள் நாற்றம் எடுத்தது. ஒரு தாள்கூட மேலே வரவில்லை. விரலால் தோண்டினால் உள்ளே சளிபோல இருந்தது. மதினி கத்தவில்லை, சண்டை போடவில்லை. தெருவிலுள்ள நாலு வீட்டுப் பெண்களை, கறிவேப்பிலை பறித்துக்கொண்டு போங்கள் என்று புறவாசலுக்குக் கூப்பிட்டார். வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அப்போது மதினி மெதுவாகச் சொன்னார்:

"நான் என்னத்தைச் சொல்ல? மலையிலே தாலியைப் போட்டுட்டு வந்தா. இங்கே விதையையும் போட்டுட்டா."

அது ஒரு வாரத்தில் தோவாளை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் அக்காளின் டிரங்குப் பெட்டி, மாட்டுக் கொட்டிலான தொழுத்தை ஒட்டி இறக்கிய சாய்ப்புக்குப் போனது. சமையல் அடுக்களையில் கால் வைக்கக்கூடாது, ஊறுகாய்ப் பரணியைத் தொடக்கூடாது, விதையைத் தொடக்கூடாது. அண்ணன் மகன் பிறந்தபோது அவனையும் தொடக்கூடாது. அவன் சொந்தக் காலால் நடந்து சாய்ப்புக்குப் போன அன்றுதான் அக்காள் முதன்முதலாக அவனைத் தூக்கினார். இதை வாசிக்கிற உங்களில் பலர் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் நடந்தன. அக்காளை அழைக்கவில்லை. "அவ கை பட்டா அழுகும்" என்று சொன்னவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. நினைவில் நிற்பதில்லை என்று முதலில் எழுதினேன், அது இந்த விஷயத்துக்குப் பொருந்தாது.

நான் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அழுகிய அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. பயம். பிறகு பதின்மூன்று வயதில் எனக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்து வைத்தது மதினி. அவருடைய சித்தப்பா மகன். அந்த வீட்டில் இருந்துகொண்டு மதினியைப் பற்றி என்ன பேச முடியும்? இது சாக்கு என்று எனக்கே தெரியும். கருப்பட்டியை மட்டும் அதற்குப் பிறகு வாயில் வைத்ததில்லை.

அக்காள் அழுதுகொண்டு இருக்கவில்லை. அடுத்த கார்த்திகையில் பக்கத்து வீட்டுக் கல்யாணி அம்மை, சாலைக் கடைத்தெருவில் வாங்கி மிச்சமாய்க் கிடந்த ஒரு பிடி உள்ளியை வேலிக்கு மேலே நீட்டினார். "இது முளைச்சுப் போச்சு, கறிக்குக் கொள்ளாது. நினக்கு வேணுமெங்கில் எடுத்தோ." சாய்ப்புக்குப் பின்னால், சாணிக்குழியை அடுத்து, பாய் அகலத்துக்கு ஒரு பாத்தி. மாசியில் ஒரு விதைக்கு எட்டும் ஒன்பதுமாகக் கிழங்கு. ஒவ்வொன்றும் தாமரை மொட்டு நிறம். அக்காள் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணன் பார்த்தார். "ம்" என்றார். பின்னால் வந்த மதினி சொன்னார்: "சாணிக்குழிப் பக்கம் அல்லவா. அங்கே கல்லை நட்டாலும் முளைக்கும்."

விளைந்து காட்டியும் பெயர் மாறாது என்று அக்காளுக்கு அன்று விளங்கிவிட்டது. அதன் பிறகு அவர் செய்ததைச் சிலர் வீம்பு என்றார்கள். வீம்புதான். அதில் எனக்கு இப்போதும் சந்தோஷம். வருஷா வருஷம் மாசியில் உள்ளியைப் பிடுங்கியதும், அதில் நல்ல கொத்துகளாகப் பார்த்து, மதினியின் அடுக்களை ஜன்னலுக்கு நேர் எதிரே பலாமரக் கிளையில் வரிசையாகத் தொங்கவிடுவார். தீயல் தாளிக்கிறவர் தலை நிமிர்ந்தால் அதுதான் கண்ணில் படும். பத்து நாள் அப்படியே தொங்கும். பிறகு தெருவில் எல்லா வீட்டுக்கும் போகும், கல்யாணி அம்மை வீட்டுக்கு இரண்டு கொத்து போகும். மதினியின் முன்கட்டு அடுக்களைக்கு மட்டும் ஒரு பல் போகாது. நாற்பது வருஷம் போகவில்லை. மதினியும் கேட்கவில்லை. சாலைக் கடைத்தெருவிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அண்ணன் கடைசிக் காலத்தில், மாட்டைப் பார்க்கிற சாக்கில் தொழுத்துக்கு வருவார். மாட்டைப் பார்க்கவே மாட்டார். சாய்ப்பில் உட்கார்ந்து உள்ளித் தீயல் ஊற்றி ஒரு பிடி சோறு சாப்பிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு போவார். "எல்லாம் எனக்குத் தெரியும்ட்டீ" என்று ஒருநாள் அக்காளிடம் சொன்னாராம். என்ன தெரியும் என்று அக்காள் கேட்டதற்கு, இன்னும் கொஞ்சம் தீயல் ஊற்று என்றாராம். அவரும் போய்விட்டார். நானும் விதவையாகி அக்காளோடு சாய்ப்பில் வந்து சேர்ந்தேன்.

பிறகு உலகச் சண்டைக் காலம் வந்தது. அரிசிக்கே வரிசையில் நின்றோம். சாலைக் கடைத்தெருவில் உள்ளி கண்ணால் பார்க்கக் கிடைக்கவில்லை. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். மதினி புறவாசல் கடந்து, தொழுத்தைக் கடந்து, சாய்ப்பு வாசலில் வந்து நின்றார். அந்த முதல் பாத்தியைப் பார்க்க வந்ததற்குப் பிறகு, நாற்பது வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் கால் வைத்ததை நான் பார்த்ததில்லை.

"மகனுக்கு நாக்கு செத்துக் கிடக்கு. தீயல் வேணும்னு கேக்கான். நாலு உள்ளி தா பிள்ளே."

மகன் அன்று காலையிலேயே எங்கள் சாய்ப்பில் தீயல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தான். அக்காள் அதைச் சொல்லவில்லை.

"தின்ன இல்லை மதினி. நடுகதுக்கு வேணும்னா தாறேன். விதை நிறைய இருக்கு."

மதினி முந்தானையை ஏந்தினார். அக்காள் புகையிலிருந்து ஒரு கொத்தை இறக்கி, மண் தட்டி, முந்தானையில் போட்டார். போட்டுவிட்டு, வழக்கமான குரலிலேயே சொன்னார்:

"வெந்நியிலே மட்டும் முக்கிராதீங்க."

மதினி முகத்தை நான் பார்த்தேன். எப்படி இருந்தது என்று எழுத எனக்குப் படிப்பு போதாது. திரும்பிப் போனார். முந்தானையிலிருந்து ஒரு பல் கீழே விழுந்தது, குனிந்து எடுக்கவில்லை. மறுநாள் முன்கட்டிலிருந்து உள்ளித் தீயல் மணம் வந்தது. விதையைத் தின்றுவிட்டார். அக்காள் அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. "சரிதான், இந்த தடவை எண்ணெயிலே முக்கிட்டா" என்றார்.

சிரித்து ஓய்ந்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கருப்பட்டி இனிச்சுதாட்டீ?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கலவறைச் சாவி அவ இடுப்புலே. கருப்பட்டி உன் கன்னத்திலே. விதை வெந்நியிலே வெந்தது போலத் தொளதொளன்னு என் கையிலே. இன்னும் என்ன தெரியணும்?"

"பின்னே ஏன் கேக்கல்லே?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

இப்போது சொல்கிறேன் அக்கா, இப்போதே சொல்கிறேன் என்று அழுதேன். அவர் என் கண்ணைத் துடைக்கவில்லை. "என் காதிலே சொல்லி என்னத்துக்கு? எனக்குத்தான் தெரியுமே. நாலு பேர் கூடின இடத்திலே சொல்லணும்ட்டீ. அவ நாலு பேரைக் கூட்டித்தானே சொன்னா." அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் பல தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் வாய் ஒட்டிக்கொண்டது.

போன புரட்டாசியில் அக்காளுக்குக் காய்ச்சல் கண்டது. ஐப்பசி முழுவதும் மழை. சாய்ப்பு ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கண் விழிக்கும்போதெல்லாம் அடுப்புக்கு மேலே பார்த்து, "விதையிலே ஈரம் படாம பாத்துக்கோ" என்பார். மழை விடுவதற்கு நாலு நாள் முன்னால் போய்விட்டார்.

பதினாறாம் நாள் எல்லோரும் வந்திருந்தீர்கள். நாற்பது வருஷம் அழைக்காதவர்களும் வந்தீர்கள். இலை போட்ட பிறகு, முற்றத்தில் நின்று மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாவம், கைராசி இல்லாதவ. மத்தபடி நல்லவ." நீங்களும் ஆமாம் ஆமாம் என்றீர்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். எழுந்ததுதான் மிச்சம். தண்ணீர் வேணுமா என்று யாரோ கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லி வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். என் வாய் அப்படிப்பட்டது. அதனால்தான் எழுதுகிறேன். இந்த மலரும் நாலு பேர் கூடின இடத்தில்தானே கொடுக்கப்படுகிறது.

அந்தக் கார்த்திகையில் அக்காள் புகையில் வைத்துப்போன விதையை நான் நட்டேன். ஒன்றும் அழுகவில்லை. மாசியில் பிடுங்கியதையெல்லாம் ஒரு பல் தின்னாமல் காயவைத்து வைத்திருக்கிறேன். இந்த மலரோடு ஆளுக்கு ஒரு சிறு கொத்து தருகிறேன். தின்ன வேண்டாம். மழை ஓய்ந்ததும் மேலே எழுதியிருக்கிற விதத்தில் உங்கள் புறவாசலில் நடுங்கள். தோவாளையில் நடுங்கள், நாகர்கோவிலில் நடுங்கள். மாசியில் பிடுங்கும்போது அக்காள் கையைப் பற்றி நீங்கள் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்கட்டு அடுக்களைக்கு இந்தத் தடவையும் கொத்து கிடையாது. அக்காள் நிறுத்தியதை நான் தொடங்க முடியாது.

அக்காளின் கடைசி நாட்களில் கஞ்சி கொண்டுவந்து தந்த கல்யாணி அம்மையின் மகளுக்கும், மழையில் நனைந்து வந்து பார்த்த வைத்தியருக்கும், வெள்ளத்தில் இறங்கி ஆற்றங்கரைவரை தோள் கொடுத்தவர்களுக்கும், அத்தை அத்தை என்று கடைசிவரை சாய்ப்புக்கு வந்த அண்ணன் மகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரிய மனது வைத்து இந்த எழுத்தை அச்சுக்கோப்பவருக்கும் நன்றி.

மருமகனே, இதை வெட்டாமல் அச்சுக்குக் கொடு. உன் பெரியத்தை உன்னைத் தொடக்கூடாது என்று இருந்ததன் காரணம் இதில் இருக்கிறது. தப்பு ஏதாவது இருந்தால் திருத்திக்கொள். ஒரு விஷயம் எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. சருவத்துத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்ததா, வெறும் சூடாக இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. நான் சின்னப் பிள்ளை, கையை விட்டுப் பார்க்கவில்லை. எத்தனை நேரம் முக்கி வைத்தார் என்பதும் தெரியாது. இதைச் சரிபார்த்துச் சொல்ல இப்போது ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. அதனால் முழுவதையும் நீயே உன் அம்மைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டி, அவர் சொல்லுகிறபடி அந்த இடத்தை நிரப்பிக்கொள்.